கோட்டை விட்ட ஆட்டங்கள்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் இங்கே சுகம். மலையில் உனக்குச் சளி விட்டதா? மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்குவதாகப் போன தடவை எழுதியிருந்தாய். ஊருக்கே மின்சாரம் தயாரித்து அனுப்புகிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு ஹீட்டருக்கு வழியில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? சிரிப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டிப்போ செஸ் அணி இந்த வருடமும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஆடுகிறது. தபால்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், பிஸ்கட் தொழிற்சாலை, குடிநீர் அலுவலகம் என்று ஏகப்பட்ட அணிகள். அணிக்கு நான்கு பலகை. நான் இரண்டாம் பலகை. பஸ் ஓட்டுகிற ஒரு பெண் இரண்டாம் பலகையில் உட்கார்வது எங்கள் டிப்போவில் இதுதான் முதல் தடவை. இது உனக்குத் தெரியும், நான்தான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேனே.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து. நாலைந்து மாதமாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். மோசமாக ஆடித் தோற்றால் மனசு ஆறும். நான் நன்றாக ஆடி, ஜெயிக்கிற நிலைமைக்கு வந்து, அப்புறம் கோட்டை விடுகிறேன். எங்கள் கேப்டன் டிப்போவின் ஸ்டோர்கீப்பர். நல்ல மனிதர், ஆனால் நாக்கில் ரம்பம். போன ஞாயிறு சொல்கிறார்: "அக்கா, உங்களுக்கு ஆட்டம் தெரியாம இல்ல. கடைசி நேரத்துல யாரோ வந்து உங்க கையைப் பிடிச்சு நகர்த்திட்டுப் போறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தோற்ற மூன்று ஆட்டங்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத்தான் அங்கே பொழுது போகவில்லையே, பார்த்து என்ன வியாதி என்று சொல். திட்டாதே.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது. இருமல் மட்டும் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் கடைக் கத்தரி என் தலையைத் தொட்டு வருடமாகிறது. இங்கே எங்களுக்கு முடி வெட்டுவது ஃபிட்டர். கையில் இருப்பது கத்தரியா ஸ்பேனரா என்று அவருக்கே சந்தேகம்.

மூன்று ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தேன். வெறும் நகர்வுகளை வைத்துக்கொண்டு வியாதி சொல்ல முடியாது அக்கா. நீ என்ன ஆடினாய் என்பது தாளில் இருக்கிறது. ஏன் ஆடினாய் என்பது உன் தலையில் இருக்கிறது. அதுதான் எனக்கு வேண்டும்.

ஆகவே இனிமேல் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரிடம் ஓடாதே. அது பட்டென்று சரியான பதிலைச் சொல்லும், நீயும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். முதலில் நீயே பலகையில் போட்டுப் பார். ஒவ்வொரு முக்கியமான நகர்விலும் அப்போது மனதில் என்ன ஓடியது என்று பக்கத்தில் எழுது. பயந்தாயா, அவசரப்பட்டாயா, எதிரே இருந்தவரின் மூஞ்சி பிடிக்கவில்லையா, எதுவானாலும் சரி. அப்புறம் ஆட்டம் எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று நீயே தேடு. தப்புகளுக்கும் சுபாவம் உண்டு. பத்து ஆட்டத்தைச் சேர்த்து வைத்தால் ஒரே தப்பு வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது தெரியும்.

ஜெயித்த ஆட்டங்களையும் அனுப்பு. அதிலும் தப்பு இருக்கும், எதிராளி கவனித்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

இருமலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. நான் சுகம். தலைவலி அவ்வப்போது வருகிறது, போகிறது. வெயிலில் ஓட்டினால் வராமல் என்ன செய்யும்?

நீ சொன்ன மாதிரியே செய்தேன். சமையல் மேஜையில் பலகையை விரித்து எழுத உட்கார்ந்தால் அத்தான், "பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்கிறார். பரீட்சையே தேவலை.

ஒன்று. நான் வெள்ளை, தபால்காரர்கள் அணியில் ஒரு கண்ணாடிக்காரர் கறுப்பு. அவருடைய ராஜாவைச் சுற்றி வளைத்துவிட்டேன். இரண்டே நகர்வில் முடிந்திருக்கும். நான் குதிரையை வைத்தேன். அப்போது என் மனதில் ஓடியது: "இவரை முடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பலாம், அத்தான் பசியோடு இருப்பார்." அவருடைய மந்திரி பலகையின் மறுமூலையிலிருந்து குறுக்காக நீளமாக வந்து என் மூலை யானையை வெட்டியது. அந்த யானை வெட்டுப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்க்கவில்லை.

இரண்டு. நான் கறுப்பு, ஆஸ்பத்திரி அணியில் ஒரு நர்ஸ் வெள்ளை. என் ராஜாவைக் கோட்டைக்குள் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு ராணிப்பக்கம் சண்டை போட்டேன். எல்லாம் நன்றாகப் போனது. அந்தப் பெண்ணின் ராணி எப்போது வந்ததென்று தெரியாது, என் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டி மேட். அப்போது என் மனதில் ஓடியது: ஒன்றுமில்லை. பார்க்கவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். இருந்தும் இப்படி. ஜெயித்ததை எதற்கு அனுப்புவது? ஜெயித்தாயிற்றே.

இந்த வாரம் என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. அதனால் எழுத நேரம் கிடைத்தது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீரும் உப்பும் வேலை செய்தன. இங்கே முதல் மழை பிடித்துக்கொண்டது. ஜீப் வாரத்துக்கு ஒருமுறைதான் மேலே வருகிறது. கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

உன் குறிப்புகள் பிரமாதம். கண்ணாடிக்காரரிடம் தோற்றதற்கு அத்தானின் பசி காரணமாகிவிட்டது. அவர் காதில் போடாதே.

உனக்கு இருப்பது ஒரு வியாதி இல்லை, இரண்டு. வெள்ளையாக ஆடும்போது ராஜாப்பக்கம் பாய்ந்து அடிக்கிற வேகத்தில் ராணிப்பக்கத்தை மறந்துவிடுகிறாய். கறுப்பாக ஆடும்போது நேர்மாறு. ராணிப்பக்கம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு உன் சொந்த ராஜாவை அநாதையாக விடுகிறாய். ஒன்று ஆசை, இன்னொன்று அலட்சியம்.

மருந்தும் இரண்டு. வெள்ளை என்றால் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால், "என் மூலை யானை சௌக்கியமா?" என்று கேட்டுக்கொள். கறுப்பு என்றால் கோட்டைக்குள் போனதும் ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடு, ஒரு சிப்பாயைக் கொஞ்சம் முன்னால் தள்ளு. ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்.

உன் வண்டிக்கு என்ன? போன வருடம்தானே புது வண்டி கொடுத்தார்கள்? தலைவலிக்கு யாரிடமாவது காட்டினாயா?

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

அங்கே மழை எப்படி? சளி மறுபடி பிடிக்கவில்லையே? அத்தான் உனக்குக் காதை மூடுகிற குல்லாய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மருந்து வேலை செய்யவில்லை டாக்டர். யானை சௌக்கியமா என்று கேட்டுக் கேட்டு அந்த யானையைக் காப்பாற்றினேன். அதற்குப் பக்கத்திலேயே பிஸ்கட் தொழிற்சாலைக்காரரின் ஓரச் சிப்பாய் ஒன்று மேலிருந்து நடந்து இறங்கி வந்து கடைசிக் கட்டத்தில் ராணியாகி உட்கார்ந்துகொண்டது. அது கிளம்பியதே எனக்குத் தெரியாது. ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஸ்டோர்கீப்பர் நகத்தைக் கடித்துக் கடித்து விரலையே முடித்துவிட்டார். அடுத்தது கறுப்பு. ஜன்னல் திறந்து வைத்தேன். ராஜாவுக்குக் காற்று நன்றாக வந்தது. எதிராளியின் யானையும் ஓரமாக அதே வழியில் வந்தது.

இப்போது நான் நான்காம் பலகை. அடுத்த தடவை தோற்றால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதைவிட இன்னொன்று மனசை அறுக்கிறது. ஆட்டம் முடிந்து நடுவர் கை கொடுக்க வந்தாராம், நான் கவனிக்காமல் எழுந்து போனேனாம். "தோத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாங்க" என்று பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிப்பட்டவளா, நீயே சொல்.

இன்னும் நாலு ஆட்டங்களை வைத்திருக்கிறேன். எல்லாம் தோல்விதான். எழுத எழுத எனக்கே அலுத்துவிட்டது. வயசாகிவிட்டது போலிருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி. படித்து முடிக்கிற வரைக்கும் கோபப்படாதே.

போன வாரம் எங்கள் குடியிருப்புக் கூரை ஒழுகியது. மேஜையைச் சுவரோடு சேர்த்துத் தள்ள வேண்டியதாயிற்று. வழக்கமாக நான் வெள்ளையின் பக்கம் உட்கார்ந்துதான் எந்த ஆட்டத்தையும் பார்ப்பேன். அன்றைக்கு அந்தப் பக்கம் சுவர். அதனால் கறுப்பின் பக்கம் உட்கார்ந்து உன் கறுப்பு ஆட்டங்களைப் போட்டேன். நர்ஸின் ராணி வந்த இடம் என் இடது கைப்பக்கம் இருந்தது. மற்றவற்றையும் போட்டேன். யானை வந்த ஓரமும் இடது. அப்புறம் பலகையைத் திருப்பி உன் வெள்ளை ஆட்டங்களைப் போட்டேன். மூலை யானை இடது. நடந்து வந்த சிப்பாய் இடது.

நான் உனக்கு இரண்டு வியாதி என்று எழுதினேன். அது என் தப்பு. வெள்ளைக்கு ராணிப்பக்கம் இடது, கறுப்புக்கு ராஜாப்பக்கம் இடது. நான் உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. வலப்பக்கமும் நடுவிலும் நீ செய்த தப்புகள் எல்லோரும் செய்கிற தப்புகள். அங்கே "பயந்தேன்", "அவசரப்பட்டேன்" என்று நீ காரணம் எழுதியிருக்கிறாய். இடப்பக்கம் வரும்போது மட்டும் காரணமே இல்லை. பார்க்கவில்லை, பார்க்கவில்லை, பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை எங்கள் ஆட்களைப் பரிசோதிக்க ஒரு டாக்டரம்மா மேலே வருவார். அவரிடம் பலகையை வைத்தே காட்டினேன். செஸ் தெரியாதவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலைவலி உண்டா?" என்றார். உண்டு என்றேன். "இது கண்ணுல இருக்கணும்னு இல்ல. கண்ணுக்குப் பின்னாடி, தலைக்குள்ளயும் இருக்கலாம். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். உங்க அக்கா என்ன வேலை பார்க்கிறாங்க?"

"பஸ் ஓட்டுறாங்க" என்றேன்.

அவர் பையை மூடினார். "அப்படின்னா இன்னிக்கே சொல்லுங்க" என்றார்.

செல்போனுக்கு இங்கே என்றைக்குமே சிக்னல் கிடையாது, மழையில் டெலிபோன் கம்பியும் அறுந்து கிடக்கிறது. இருந்திருந்தால் அன்றே பேசியிருப்பேன். நாளை இறங்குகிற ஜீப்பில் இதைக் கொடுக்கிறேன். அக்கா, டாக்டரிடம் காட்டுகிற வரைக்கும் வண்டியில் ஏறாதே. உன் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறது. அத்தானுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். உன்னைத் தாண்டிப் போனதற்காக என்னைத் திட்டிக்கொள்.

உன் தம்பி


மே 9

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் இருவரும் சுகம். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. உங்கள் அக்கா தன்னுடையதைப் படித்தாள். என்னுடையதையும் வாங்கிப் படித்தாள். பிறகு பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நானாகப் போய், "ஒரு தடவை காட்டிட்டு வந்துரலாமே" என்றேன். "உங்க மாப்பிள்ளைக்கு மலையில பொழுது போகல, எனக்கு வியாதி கண்டுபிடிக்கிறார். நீங்களும் சேர்ந்துக்குங்க" என்றாள். அத்தோடு சரி.

வண்டி விஷயமாக நீங்கள் கேட்டதற்கு அவளே எழுதுவாள். நான் இந்த வாரம் கடை திறக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் செய்தது சரி என்று எனக்குப் படுகிறது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான்


ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். அத்தானும் இருக்கிறார். உனக்குச் சளி, இருமல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு நீ மலைமேல் இருந்தது உன் அதிர்ஷ்டம். நாலு ஆட்டம் தோற்றால் தலையில் கோளாறா? டிப்போவில் வருடா வருடம் கண் பரிசோதனை. கடைசி வரி வரைக்கும் படித்தவள் நான். வீட்டிலேயே ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், அடுத்த கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டாலும் நன்றாகத் தெரிந்தது. அப்புறம் உன்னைப் பொய்யாக்கக் கிளம்பினேன். உனக்கு அனுப்பாமல் வைத்திருந்தேனே, ஜெயித்த ஆட்டங்கள், அவற்றை எல்லாம் எடுத்துப் போட்டேன். வெள்ளை என்றால் வெள்ளையின் பக்கம் உட்கார்ந்தேன். கறுப்பு என்றால் எழுந்து சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஜெயித்த ஆட்டங்களில்தான் என் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, அதைக் காட்டி உன் வாயை அடைக்கலாம் என்று நினைத்தேன்.

அவற்றிலும் இருந்தது. இடப்பக்கம் என் குதிரை இலவசமாக நின்றிருக்கிறது, எதிராளி கவனிக்கவில்லை. என் ராணியையே வெட்டியிருக்கலாம், அவருக்கு நேரம் போதவில்லை. நான் ஜெயித்ததால் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்தவர் தூங்கினதால் நான் பிழைத்திருக்கிறேன்.

வண்டிக்கு என்ன என்று கேட்டாய். நான் உன் சளியை விசாரித்தேன். இப்போது சொல்கிறேன். இடப்பக்கக் கண்ணாடியை இரண்டு தடவை உடைத்தேன். ஒருமுறை டிப்போ வாசல் தூணில் உரசி, பக்கத் தகரம் முழுக்கக் கிழிந்தது. சந்து குறுகல், தூண் கோணல் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அத்தான் உனக்கு எழுதியிருக்க மாட்டார். உன் கடிதம் வந்த பிறகும் நான் வண்டி எடுத்தேன். ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க அவர் கடையைத் திறக்காமல், காலையில் என்னோடேயே வந்து, டிக்கெட் எடுத்து, முன்சீட்டில் உட்கார்ந்து, நான் இறங்குகிற வரைக்கும் போய்ப் போய் வந்தார். இடப்பக்கம் பார்த்தபடியே இருந்தார். ஒரே ஒருமுறை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், "நில்லு" என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். நின்றேன். ஒரு அம்மா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு என் முன்னால் கடந்து போனாள். எங்கிருந்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலைதான் ஜெயித்த ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சாவி போட்டேன். நேரே பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி இருக்கிறதா? தலையைத் திருப்பினால் இருக்கிறது. திருப்பாவிட்டால் இல்லை. இருட்டாகவும் இல்லை தம்பி. கறுப்பாகத் தெரிந்திருந்தால் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பேனே. அங்கே ஒன்றுமே இல்லை, இல்லை என்பதும் தெரியவில்லை.

இறங்கிப் போய் மேனேஜர் மேஜையில் சாவியை வைத்தேன்.

"லீவு வேணுமா?" என்றார்.

"லீவு இல்ல சார். வண்டி வேண்டாம். எனக்கு ஒரு பக்கம் தெரியல."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரைக்கும் அழாமல்தான் இருந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி இயந்திரம். அதற்குள் முகத்தை வைத்து நேரே பார்க்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. "மெஷின் நின்னுபோச்சுங்க" என்றேன். அத்தான் பக்கத்தில் நின்று மெஷின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்புறம் சொன்னார், புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தனவாம்.

ஸ்கேன் எடுத்தார்கள். தலையின் பின்பக்கம், வலது புறம் ஒரு கட்டி. பல வருடமாக மெதுவாக வளர்ந்து, பார்வை போகிற வழியை அழுத்துகிறது. கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை, எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்கிறார்கள். 20ஆம் தேதி ஆபரேஷன். இன்னும் விட்டு வைத்திருந்தால் பார்வையோடு போயிருக்காதாம்.

உன்னைத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. அதைப் படித்துவிட்டு டர்பைன் பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

லீவு கிடைத்துவிட்டது. ஆனால் பாதி வழியில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது, ஜீப் போகாது. கம்பி சரிசெய்கிற லைன்மேன்கள் இரண்டு பேர் காட்டு வழியாக நடந்து இறங்குகிறார்கள். இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுக்கிறேன். அடுத்த குழு இறங்கும்போது நானும் அவர்களோடு வருகிறேன். "வழியில அட்டை கடிக்கும் சார், நீங்க தாங்க மாட்டீங்க" என்கிறார்கள். கடிக்கட்டும்.

ஆட்டம் எதுவும் இப்போது வேண்டாம். பலகையை எடுத்து உள்ளே வை. நன்றாகத் தூங்கு. அத்தானிடம் சொல், அவர் செய்ததை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன் என்று. வேண்டாம், நானே வந்து சொல்கிறேன்.

20ஆம் தேதிக்கு முன்னால் உன் வாசலில் நிற்பேன்.

உன் தம்பி


செப்டம்பர் 28

அன்புத் தம்பிக்கு,

நீ மேலே பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. காலில் அட்டை கடித்த புண் ஆறியதா? ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு வளைந்துபோனாய். எண்ணெய் தேய்த்துக் குளி.

கட்டி கெட்டதில்லை என்று முடிவு வந்ததிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன், முடியும் அரை விரல் நீளம் வளர்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஆள் மழிக்க வந்தபோது அத்தான் அவரைக் கிட்ட விடாமல் தானே மழித்தது நினைவிருக்கிறதா? இப்போது வாரா வாரம் ஓரத்தைச் சரிசெய்கிறேன் என்று கத்தரியோடு சுற்றிச் சுற்றி வருகிறார். இருப்பதே கொஞ்சம், அதிலும் ஸ்டைல் வேண்டுமாம்.

போன வாரம் மறுபடி அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். இடப்பக்கம் நிறையவே திரும்பி வந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் ஒரு துண்டு வரவில்லை, அது இனி வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பஸ் கிடையாது. அதையும் சொல்லிவிட்டார். போன மாதம் டிப்போவுக்குள் போனபோது என் வண்டியை வேறொரு பெண் ஓட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தூணை உரசாமல் அழகாகத் திருப்பினாள். நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது கட்டுப்பாட்டு அறையில் வேலை. எல்லா வண்டிகளோடும் ரேடியோவில் பேசுகிறேன். யாராவது தாமதமானால் என் குரல் போகும். "அக்கா பஸ் ஓட்டினப்பவே நிம்மதியா இருந்தோம்" என்று பையன்கள் புலம்புகிறார்களாம். புலம்பட்டும்.

நேற்று ஆடினேன். டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஸ்டோர்கீப்பர் நான் கேட்காமலேயே நான்காம் பலகையில் என் பெயரை எழுதியிருந்தார். எதிரே குடிநீர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். நான் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் தலையை இடப்பக்கம் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் பாதி ஆட்டத்தில், "கழுத்து வலியா மேடம்?" என்றார். "ஆமாங்க, ரொம்ப நாளா" என்றேன்.

ஒரு சிப்பாய் முன்னிலையில் இருந்தேன். நடுவில் இன்னொரு சிப்பாய் சும்மா நின்றது. அதை எடுத்தால் அவருடைய குதிரை பாய்ந்து என் ராஜாவுக்கும் யானைக்கும் ஒரே சமயத்தில் குறி வைக்கும். குதிரை தெரிந்தது. அது பாய்கிற கட்டம் தெரிந்தது. என் யானை தெரிந்தது. பலகையில் இருந்த அத்தனை காயும் தெரிந்தது. "இவர் புதுசு, கவனிக்க மாட்டார்" என்று நினைத்தேன். எடுத்தேன். அவர் கவனித்துவிட்டார். அப்புறம் எவ்வளவு முட்டி மோதியும் தேறவில்லை.

தோற்றேன். எழுந்து கை கொடுத்தேன். நடுவருக்கும் நானே தேடிப் போய்க் கை கொடுத்தேன். ஸ்டோர்கீப்பர் ஓடி வந்து, "விடுங்கக்கா, ஒரு ஆட்டம்தானே, அதுக்குப் போய்க் கண்ணு கலங்குறீங்களே" என்றார்.

"கலங்கல. இதுல முழுக்க முழுக்கப் பேராசைதான், வேற எதுவும் இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் உடனே அடுப்பைப் பற்றவைத்து, விருந்தாளி வந்த மாதிரி சமைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அக்கா